குறை இளம் ஆய்வாளரிடமா?

முனைவர் பட்டம் பெற்றும் வேலை இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்திய உயர்கல்வித் துறையிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ஆய்வாளர்களுக்குத் திறன் போதவில்லை. கட்டுரை எழுதத் தெரியவில்லை, அவையில் பேசத் தெரியவில்லை, புள்ளியியல் வராது, நிதி கேட்டு விண்ணப்பிக்கத் தெரியாது, கல்லூரிக்கு வெளியே என்ன வேலை இருக்கிறது என்ற விவரமும் கிடையாது என்று பட்டியல் நீள்கிறது. குறை இன்னதென்று முடிவாகிவிட்டால் பரிகாரமும் எளிதாகிவிடுகிறது. ஒரு வாரப் பயிலரங்கு, இணையவழிக் கருத்தரங்கு, மென்திறன் வகுப்பு, கடைசியில் ஒரு சான்றிதழ். பட்டமளிப்பு விழா உரைகளிலும் கல்லூரி ஆண்டறிக்கைகளிலும் இந்தக் கருத்து மறுப்பாரின்றி உலவுகிறது.

இதற்குள் மூன்று அனுமானங்கள் அடங்கியிருக்கின்றன. குறை ஆய்வாளரிடம் இருக்கிறது என்பது முதலாவது. அதைக் குறுகிய காலப் பயிற்சியால் நிரப்பிவிடலாம் என்பது இரண்டாவது. நிரப்பிவிட்டால் வேலை தானாக வரும் என்பது மூன்றாவது. மூன்றும் ஆதாரத்தின் முன் நிற்பதில்லை. ஆய்வுத் தொழிலில் ஒருவரை வளர்ப்பவை நெறியாளர் செலவிடும் நேரம், பக்கத்தில் வேலை செய்யும் மூத்தவர்கள், மாதந்தோறும் தவறாமல் வரும் உதவித்தொகை, முடிவில் போய்ச் சேர ஒரு பணியிடம் ஆகியவை. இவற்றைத் தர வேண்டியது நிறுவனமும் அரசும். தரவேண்டியதைத் தராமல், தராததன் விளைவை ஆய்வாளரின் தனிப்பட்ட குறையாக மாற்றிக் காட்டும் வேலையைத்தான் இன்றைய தொழில் வளர்ச்சிப் பயிற்சிகளில் பெரும்பாலானவை செய்கின்றன.

கருத்து வந்த வழி

ஆய்வாளருக்குத் தனியாகத் தொழில்திறன் பயிற்சி வேண்டும் என்ற எண்ணத்துக்கு அமைப்பு வடிவம் கொடுத்த நாடுகளில் பிரிட்டன் முக்கியமானது. சர் கேரத் ராபர்ட்ஸ் 2002இல் அந்நாட்டு அரசுக்கு அளித்த அறிக்கை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரப் பயிற்சி வேண்டும் என்றது. அதன்படி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பல ஆண்டுகள் வழங்கப்பட்டது. ‘ராபர்ட்ஸ் பணம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. இப்போது நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டின் ஆய்வாளர் உடன்படிக்கையும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் தொழில் வளர்ச்சிக்கென ஒதுக்கச் சொல்கிறது.

ராபர்ட்ஸ் அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் மற்றப் பகுதிகளைச் சொல்வதில்லை. மாணவர் உதவித்தொகையை உயர்த்த வேண்டும், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களின் ஊதியத்தைச் சீர்செய்ய வேண்டும், நிலையான பேராசிரியர் பணிக்கு இட்டுச்செல்லும் கல்விப் பணி நல்கைகளை உருவாக்க வேண்டும் என்பனவும் அதே அறிக்கையின் பரிந்துரைகள். அங்கே பயிற்சி, பணத்தோடும் பணியிடத்தோடும் சேர்த்தே முன்வைக்கப்பட்டது. அந்தக் கருத்து நாடு விட்டு நாடு பயணம் செய்தபோது செலவு குறைந்த பகுதி மட்டும் கப்பலேறியது. பயிலரங்கு நடத்த ஓர் அரங்கமும் ஓர் ஒலிபெருக்கியும் போதும். பணியிடம் உருவாக்க வரவுசெலவுத் திட்டத்தில் இடம் வேண்டும்.

பிரிட்டனிலும் பயிற்சி பெருகியதால் ஆய்வாளரின் தொழில் நிலை உறுதிப்பட்டுவிடவில்லை. ஆய்வை மட்டுமே பணியாகக் கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இன்னும் குறித்த கால ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். அந்நாட்டு அறிவியல் முனைவர்களில் பல்கலைக்கழக ஆய்வுப் பணியில் நிரந்தரமாக நிலைப்பவர்கள் 3.5 விழுக்காடு, பேராசிரியராகிறவர்கள் 0.45 விழுக்காடு என்று ராயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. ஜெர்மனியின் கதையும் இதுவே. 2007ஆம் ஆண்டின் சட்டப்படி, பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரை முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டும் பின் 6 ஆண்டும் குறித்த கால ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம். பழையவர்கள் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் புதியவர்களுக்கு வழிவிட இந்த ஏற்பாடு உதவுகிறது என்று கல்வி அமைச்சகம் ‘ஹன்னா’ என்ற கற்பனைப் பாத்திரத்தை வைத்து ஒரு காணொளியில் விளக்கியது. 2021இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் ‘நானும் ஹன்னாதான்’ என்று சமூக ஊடகங்களில் தங்கள் ஒப்பந்த வரலாற்றை எழுதி அதை மறுத்தார்கள். அவர்கள் பயிற்சிக் குறைவு உள்ளவர்கள் அல்லர். உலகின் வலுவான ஆய்வுக் கட்டமைப்புகளில் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்கள்.

குறுகிய பயிற்சியின் பலன்

குறுகிய பயிற்சி திறனை வளர்க்கிறதா என்பது அளந்து பார்க்கப்பட்ட கேள்வி. அமெரிக்காவில் டேவிட் ஃபெல்டனும் உடன் ஆய்வாளர்களும் 53 நிறுவனங்களைச் சேர்ந்த 294 உயிரியல் முனைவர் பட்ட மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பு தொடங்கும் முன்னரும் தொடக்கத்திலும் நடத்தப்படும் தீவிரப் பயிற்சி முகாம்கள், சில நாள் வகுப்புகள் போன்றவற்றில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் ஆய்வுத்திறனிலோ, கட்டுரை வெளியீட்டிலோ, ஆய்வுச் சமூகத்தோடு ஒன்றுவதிலோ வேறுபாடு எதுவும் தென்படவில்லை. முகாம்கள் கெட்டவை என்பது இதன் பொருளன்று. அவற்றின் மீது வைக்கப்படும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதே பொருள்.

அதே குழுவின் வேறு இரண்டு ஆய்வுகள் திறன் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுகின்றன. 2011இல் வெளிவந்த ஆய்வில், ஆராய்ச்சியோடு பாடமும் நடத்திய மாணவர்கள், ஆராய்ச்சி மட்டும் செய்தவர்களைவிடச் சோதிக்கத்தக்க கருதுகோள் அமைப்பதிலும் சோதனையைத் திட்டமிடுவதிலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வில், ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களும் மூத்த மாணவர்களும் கலந்துரையாடலில் தீவிரமாகப் பங்கேற்ற இடங்களில் புதிய மாணவரின் திறன் வளர்ந்தது. ஆய்வகத் தலைவரின் பங்கேற்பு மட்டும் அந்த வளர்ச்சியை முன்னறிவிக்கவில்லை. அன்றாட வேலைக்கு நடுவே, தனக்கு ஓரிரு படி மேலே இருப்பவரிடமிருந்துதான் இளம் ஆய்வாளர் தொழிலைக் கற்கிறார்.

இந்தக் கண்டுபிடிப்பை இந்திய மாநிலப் பல்கலைக்கழகங்களின் மேல் வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்பது விளங்கும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் என்ற அடுக்கே அவற்றின் பெரும்பாலான துறைகளில் கிடையாது. மூத்த மாணவரில் பலர் பகுதிநேரமாகப் பதிவு செய்தவர்கள்; வேறொரு கல்லூரியில் வாரம் முழுவதும் பாடம் நடத்திவிட்டு, நெறியாளரைப் பார்க்க விடுமுறை நாளில் வருகிறவர்கள். புதிதாகச் சேர்ந்தவர் யாரைப் பார்த்துக் கற்பது என்ற கேள்விக்குப் பயிற்சித் திட்டங்களில் விடை இல்லை.

ஒரு பயிலரங்கு நாளும் ஒரு மைப்படியும்

நடைமுறையில் இருக்கும் பயிற்சியின் உருவம் எல்லோருக்கும் பழக்கமானது. ‘ஆய்வு நெறிமுறைகள்’ என்ற தலைப்பில் ஒரு நாள் பயிலரங்கு. காலை 9 மணிக்குப் பதிவு. ஒரு கோப்பு, ஒரு பேனா, ஒரு குறிப்பேடு. பத்தரைக்குக் குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப் பரிசு. பதினொன்றரைக்குத் தேநீர். அதன்பின் ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வெளியிடுவது எப்படி என்று 60 படவில்லைகளோடு ஓர் உரை. மதிய உணவுக்குப் பின் மேற்கோள் மென்பொருள் ஒன்றின் செயல்விளக்கம். அரங்கில் இருப்பவர்களிடம் கணினி கிடையாது, திரையில் ஓடுவதைப் பார்க்கலாம். நான்கு மணிக்குக் கருத்துப் படிவம், குழுப் படம், சான்றிதழ். 2020இன் பொது முடக்கத்தில் இதுவும் சுருங்கியது. வினாடி வினா ஒன்றில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. நாளொன்றுக்கு மூன்று நான்கு சான்றிதழ் சேர்த்தவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் பெருகுவதற்கு ஆய்வாளரின் தேவை காரணமில்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் அளவுகோல்களில், கடந்த ஐந்தாண்டுகளில் ஆய்வு நெறிமுறை, அறிவுசார் சொத்துரிமை, தொழில்முனைவு ஆகியவை பற்றி எத்தனை பயிலரங்குகள் நடத்தப்பட்டன என்ற கேள்வி இருக்கிறது. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் புத்தொளிப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய கல்விப் பணியாளர் கல்லூரிகள் அதற்காகவே பெயர் மாறி மாறி இயங்கி வருகின்றன. எண்ணிக்கை கேட்கப்படுகிறது, எண்ணிக்கை தரப்படுகிறது. வந்து போனவர் அடுத்த மாதம் எதைப் புதிதாகச் செய்தார் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

இதற்கு எதிரே, கற்றல் உண்மையில் நடக்கும் ஓர் இடத்தை வைத்துப் பார்க்கலாம். சோழர் காலக் கல்வெட்டு ஒன்றின் மைப்படி, அதாவது மையொற்றித் தாளில் எடுத்த படி, முதலாண்டு மாணவர் முன் விரிக்கப்படுகிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். காலும் ரகரமும் பிரித்தறிய முடியாதவை. எழுத்தெழுத்தாகப் படித்தால் பொருள் திரள்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர், இது நிலத்துக்கு எல்லை சொல்லும் பகுதி என்று காட்டுகிறார். ‘கீழ்பாற்கெல்லை’ என்று தொடங்கினால் ஏதோ ஒன்றுக்கு ‘மேற்கும்’ என்று முடியும். அடுத்து ‘தென்பாற்கெல்லை’ வரும், அது ‘வடக்கும்’ என்று முடியும். வாய்பாடு பிடிபட்டதும் சிதைந்த எழுத்துகள் இரண்டு தெளிகின்றன. மூன்றாவதை மாணவர் ஊகித்து எழுதும்போது மூத்தவர் தடுக்கிறார்: அது ஊரின் பெயர், வாய்பாடு அங்கே உதவாது, புள்ளிக்கோடு இட்டு விட்டுவிட வேண்டும். எங்கே ஊகிக்கலாம், எங்கே கூடாது என்ற இந்தப் பாகுபாடுதான் கல்வெட்டியலில் ஆய்வு நெறி. இதை 60 படவில்லைகளால் கடத்த முடியாது. பல மாதம், பல மைப்படிகள், ஒவ்வொன்றிலும் ஒரு திருத்தம் என்று சேர்ந்து வருவது இது.

உயிரியல் ஆய்வகத்திலும் அதே நிலைமைதான். டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனையில், மாதிரியே சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயிலும் பட்டை தெரிந்தால், மற்றக் குழாய்களின் முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைய சோதனையைத் தள்ளிவிட வேண்டும். விதி எளிது, எவரும் ஒப்பிப்பார். மூன்று வார உழைப்பைத் தள்ளிவிடும் துணிவு, அப்படித் தள்ளிய ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு வருகிறது.

விதியால் வந்த வினை

நெறியாளரும் நேரமும் இல்லாத இடத்தில் விதியும் வகுப்பும் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கட்டுரை வெளியீட்டின் வரலாறு சான்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேடு அளிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்றன. 2016ஆம் ஆண்டு விதிகள் அதோடு இரண்டு கருத்தரங்க உரைகளையும் சேர்த்தன. ஆசிரியர் நியமனத்திலும் உயர்விலும் கட்டுரைகளுக்குப் புள்ளி தரும் முறை 2010இல் ஏற்கெனவே வந்திருந்தது. தேவை பெருகியது, அதைத் தீர்த்துவைக்கச் சந்தையும் எழுந்தது. காசு வாங்கிக்கொண்டு, மதிப்பீடு என்ற பெயரில் எதுவும் செய்யாமல், சில நாளில் கட்டுரையை வெளியிடும் போலி இதழ்கள் உலகெங்கும் 2014இல் மட்டும் சுமார் 4,20,000 கட்டுரைகள் வெளியிட்டதாக ஷென், பியோர்க் ஆகியோர் 2015இல் மதிப்பிட்டார்கள். அவற்றில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்.

மானியக் குழு தானே வெளியிட்ட அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியலும் தப்பவில்லை. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துப் பட்டியலில் ஏறிய இதழ்களில் 1,009ஐ பூஷண் பட்வர்தன் குழுவினர் ஆராய்ந்தபோது 88 விழுக்காட்டுக்கு மேல் தகுதியற்றவை என்று தெரிந்தது. 2018இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் மானியக் குழு 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு ‘கேர்’ என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது.

இந்தச் சீர்கேட்டுக்கு முன்வைக்கப்பட்ட மருந்துகளில் ஒன்று மீண்டும் ஒரு வகுப்பு. ஆய்வு, வெளியீட்டு அறநெறி பற்றிய இரண்டு கிரெடிட், 30 மணி நேரப் பாடம் 2019 டிசம்பரில் எல்லா ஆய்வு மாணவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பாடத்திட்டம் குறைசொல்லத் தக்கதன்று. போலி இதழை அடையாளம் காண்பது, கருத்துத் திருட்டைத் தவிர்ப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் போலி இதழுக்குப் பணம் கட்டியவர்களில் பலர் அது போலி என்று அறியாதவர்கள் அல்லர். ஆய்வேட்டைக் கொடுக்கக் கட்டுரை வேண்டும். தரமான இதழில் மதிப்பீடு முடிய ஓராண்டு ஆகலாம். உதவித்தொகையின் காலம் அதற்குள் முடிந்துவிடும். அந்த நெருக்கடியில் அறநெறி வகுப்பு சொல்லித் தருவதற்கு எதுவும் இல்லை. 2022ஆம் ஆண்டு விதிகள் கட்டுரைக் கட்டாயத்தை நீக்கின. சிக்கல் மாணவரின் ஒழுக்கத்தில் இல்லை, விதியில் இருந்தது என்பதற்கு மானியக் குழுவே தந்த ஒப்புதலாக அதைக் கொள்ளலாம். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அந்தக் கட்டாயத்தை இன்னும் வைத்திருக்கின்றன.

பயிற்சி முடிந்தால் போகுமிடம்

திறன் வந்தால் வேலை வரும் என்ற மூன்றாவது அனுமானம்தான் மூன்றிலும் வலுவற்றது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி முனைவர் பட்டப் படிப்பில் 2014-15இல் 1.17 லட்சம் பேர் இருந்தார்கள், 2021-22இல் 2.12 லட்சம் பேர். ஏழு ஆண்டில் 81 விழுக்காடு உயர்வு. முன்னணியில் இருக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. நிரந்தரப் பணியிடங்கள் இந்த வேகத்தில் பெருகவில்லை. இருக்கும் இடங்களும் நிரப்பப்படவில்லை.

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளை எடுத்துக்கொண்டால், 2,300க்கும் மேற்பட்ட உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் அறிவிப்பு வெளியிட்டது. அந்த நியமனம் நடந்தேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க இருந்த எழுத்துத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. இந்த ஆண்டுகளில் அக்கல்லூரிகளின் வகுப்புகள் நின்றுவிடவில்லை. ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் அவற்றை நடத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்டமோ தகுதித் தேர்வோ முடித்தவர்கள். 2024இல் அவர்களின் மாத ஊதியம் 25,000 ரூபாய். மானியக் குழு 2019இல் கௌரவ ஆசிரியர்களுக்குப் பரிந்துரைத்த உச்ச ஊதியம் 50,000 ரூபாய். பத்தாண்டு பாடம் நடத்தியவரிடம் கற்பித்தல் திறன் பயிலரங்குக்குப் போய்வரச் சொல்வது, அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகாது.

விதிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2018ஆம் ஆண்டு விதிப்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு 2021 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்றானது. பிறகு 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதி வந்தபோது, நெட், செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளில் ஒன்று போதும், முனைவர் பட்டம் விருப்பத்துக்குரியது என்று மாறியது. கட்டாயம் என்ற அறிவிப்பை நம்பி 2018இல் பதிவு செய்தவர் ஐந்தாண்டு கழித்து வெளியே வரும்போது தகுதி வேறாக இருந்தது. தொழில் திட்டமிடல் வகுப்பு எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் இதை எதிர்பார்த்துத் திட்டமிடக் கற்றுத்தர முடியாது.

மேல்தட்டுத் திட்டங்களிலும் இதே ஓட்டை இருக்கிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரிய நல்கை, மாதம் 1,25,000 ரூபாயும் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதியும் ஐந்தாண்டுக்குத் தருகிறது. கடும் போட்டியில் வென்றவர்கள் இதைப் பெறுகிறார்கள். ஐந்தாண்டு முடிவில் நிரந்தர இடம் தர எந்த நிறுவனமும் கட்டுப்பட்டதில்லை. திறன் போதவில்லை என்ற விளக்கம் இவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை.

கல்லூரிக்கு வெளியே போகலாமே என்பது வழக்கமான மாற்று யோசனை. இந்தியா ஆய்வு வளர்ச்சிக்குச் செலவிடுவது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, அதில் தொழில் நிறுவனங்களின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. அமெரிக்காவிலும் சீனாவிலும் பெரும்பங்கு நிறுவனங்களுடையது. அங்கே முனைவர்களை உள்வாங்கும் தொழிற்கூட ஆய்வகங்கள் இருப்பதால் மாற்றுத் தொழில் பயிற்சிக்குப் பொருள் உண்டு. இங்கே தன்விவரக் குறிப்பைத் தொழில்துறைக்கு ஏற்ப எழுதக் கற்றவர், அதை அனுப்ப முகவரி தேட வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்கள்

இதற்கு மூன்று எதிர்வாதங்கள் எழலாம். முதலாவது வலுவானது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஆய்வுத் துறையில் இன்று பெருமளவில் இருக்கிறார்கள். மதிப்பீட்டாளர் எழுப்பும் ஆட்சேபத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது, வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எப்படி மின்னஞ்சல் அனுப்புவது, பரிந்துரைக் கடிதம் யாரிடம் எப்போது கேட்பது என்பன பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். இவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். உண்மை. ஆனால் இவர்களுக்கே ஒரு நாள் பயிலரங்கு மிகக் குறைவாகப் பயன்படுகிறது. நூறு பேர் நடுவில் கை தூக்கிக் கேட்கத் தயங்குகிறவர் இவர்தான். எந்த நாளும் கேட்கக்கூடிய ஒருவர் துறையிலேயே இருப்பது இவருக்கு வேண்டும். உதவித்தொகையும் இவருக்கே உயிர்நாடி. நெட் இளநிலை ஆய்வு நல்கை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைப்பது 8,000 ரூபாய். நல்கை மாதக்கணக்கில் தாமதமாவது ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் புகார். வீட்டிலிருந்து பணம் வரும் மாணவர் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்; வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் படிப்பை விட்டுப் போவார்.

இரண்டாவது எதிர்வாதம், பயிற்சியால் தீங்கு இல்லையே என்பது. இதிலும் ஒரு பகுதி உண்மை உண்டு. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நிதியளித்த தொழில் பயிற்சித் திட்டங்களை 10 கல்வி நிறுவனங்களில் ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வு, அவற்றில் பங்கேற்ற மாணவர்களின் பட்டக் காலம் நீளவில்லை, கட்டுரைகள் குறையவில்லை என்று காட்டியது. மாணவர் வெளியே போனால் ஆய்வு கெடும் என்று விடுப்பு மறுக்கும் நெறியாளர்களுக்கு இது தக்க பதில். ஆயினும் தீங்கில்லை என்பது வேறு, தீர்வு என்பது வேறு. தீர்வு நடந்துகொண்டிருப்பதாக ஒரு தோற்றம் எழுவதுதான் இங்கே உள்ள தீங்கு. ஐந்தாண்டில் 40 பயிலரங்கு நடத்திய துறையிடம், நிரப்பப்படாத மூன்று பேராசிரியர் இடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, பயிற்சியைக் குறைசொல்கிறவர்கள் பழைய குருகுல முறைக்குத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது. நெறியாளர் ஒருவரின் தயவில் மாணவரின் வாழ்வு தொங்கும் நிலை, அதில் நடக்கும் அவமதிப்பும் சுரண்டலும் மறைக்க முடியாதவை. ஒரே நெறியாளரை நம்பியிருப்பதை உடைக்க வழி, மாணவரைச் சுற்றி ஆட்களைக் கூட்டுவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு கூடி முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும் என்று மானியக் குழு விதி இருக்கிறது. அது கையெழுத்துச் சடங்காகாமல் உண்மையான வாசிப்பாக நடந்தாலே பாதிக் குறை தீரும். அதற்கும் துறையில் ஆள் வேண்டும். விதிப்படி பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் துறையில், எஞ்சியிருக்கும் இரண்டு பேர் உச்ச அளவு மாணவரை ஏற்றுக்கொண்டு, தேர்வுப் பணியும் நாக் கோப்புகளும் பார்த்த பிறகு மிச்சப்படும் நேரமே மாணவருக்குக் கிடைக்கிறது.

பயன் தரும் பயிற்சியின் இலக்கணம்

பயிற்சியே வேண்டாம் என்பது இந்த மறுப்பின் முடிவன்று. பயன் தரும் பயிற்சிக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. அது ஆய்வாளர் அப்போது செய்துகொண்டிருக்கும் வேலையோடு கட்டப்பட்டிருக்கும். முடிவில் சான்றிதழுக்குப் பதில் ஒரு பொருள் கையில் இருக்கும். அதைத் தருகிறவர் பணமோ இடமோ சேர்த்துத் தருவார்.

இந்தியாவிலேயே இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் என்ற நல்கை அமைப்பு, இளம் உயிரியலாளருக்கு ஐந்தாண்டு ஊதியமும் ஆய்வு நிதியும் தருகிறது. அதன் அறிவியல் எழுத்துப் பயிலரங்குகள் அந்த நல்கை முறையோடு சேர்ந்தே நடக்கின்றன. 2009 முதல் நடக்கும் இளம் ஆய்வாளர் கூட்டத்தில், வேலை தேடும் முனைவர்களும் ஆள் தேடும் நிறுவனங்களின் தலைவர்களும் ஒரே இடத்தில் சில நாள் தங்குகிறார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கான பிரதமர் நல்கையில் தொழில் நிறுவனம் ஒன்று உதவித்தொகையில் பாதியை ஏற்கிறது. 2018இல் தொடங்கிய அவ்சார் போட்டி, மாணவர் தம் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதச் சொல்லிப் பரிசு தந்தது; எழுதக் கற்றுத்தருவதற்கு எழுத வைப்பதைவிட நேரான வழி இல்லை. இவை எல்லாம் சிறிய அளவில், பெரும்பாலும் பெயர் பெற்ற நிறுவனங்களின் மாணவருக்கே எட்டுகின்றன.

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு கருவி 2022ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. ஆய்வு மாணவருக்குத் தம் துறைப் பாடத்தைக் கற்பிக்கவும் எழுதவும் பயிற்சி தர வேண்டும். வாரம் 4 முதல் 6 மணி நேரம் ஆய்வகப் பணியோ பாட உதவியோ மதிப்பீடோ தரலாம் என்கின்றன அவை. ஃபெல்டனின் 2011ஆம் ஆண்டு முடிவோடு இது பொருந்துகிறது: கற்பித்தல் ஆய்வுத்திறனை வளர்க்கும். அந்த மணி நேரத்துக்கு ஊதியம் கொடுத்து, மூத்த ஆசிரியர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லும் ஏற்பாட்டோடு நடத்தினால் அதுவே பயிற்சி. ஊதியமும் மேற்பார்வையும் இல்லாமல், ஆசிரியர் இல்லாத வகுப்பை அடைக்க மாணவரை அனுப்பினால் அதுவே சுரண்டல்.

நாக் போன்ற அமைப்புகளும் கேள்வியை மாற்றலாம். எத்தனை பயிலரங்கு நடந்தது என்பதற்குப் பதிலாக, மாணவரின் வரைவைப் படித்துத் திருப்பித் தர எத்தனை நாள் ஆகிறது, உதவித்தொகை எந்தத் தேதியில் வருகிறது, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன, பட்டம் பெற்றவர்கள் ஐந்தாண்டு கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நான்குக்கும் விடை துறை அலுவலகத்தின் கோப்புகளிலும் பழைய மாணவர்களின் தொலைபேசி எண்களிலும் கிடைக்கும். விடைகள் வெளியானால், திறன் குறைந்தவர் யார் என்ற கேள்வி மாணவரை விட்டுப் பல்கலைக்கழக நிர்வாகத்தையும், அதற்கு நிதி ஒதுக்க வேண்டிய அரசையும் நோக்கித் திரும்பும்.